உள்ளத்தில் உண்மை

வேதபாடம்: யோசுவா 7, சங்கீதம் 51, லூக்கா 19:1-10





இந்த மாத வேதபாடத்திற்கு மனந்திரும்புதல் என்ற பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். "பாஸ்டர், அது இரட்சிக்கப்படாதவங்களுக்குள்ள பாடமாச்சே! நாங்கதான் எப்பவோ மனந்திரும்பி, ஞானஸ்நானம் எடுத்து, அபிஷேகமும் வாங்கிட்டோமே" என்று சிலர் பக்கத்தைத் திருப்பக்கூடும். தயவுசெய்து திருப்பாதீர்கள். வெளிப்படுத்தின விசேஷம் 2, 3 அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். ஆசியாவின் ஏழு சபைகளுக்கு ஆண்டவர் கடிதம் எழுதுகிறார். அதில் ஐந்து சபைகளில் மனந்திரும்பச் சொல்கிறார். சிமிர்னாவும் பிலதெல்பியாவும் மட்டுமே விதிவிலக்கு. ஐந்து சபைகள்! எல்லாம் விசுவாசிகள் கூடிவந்த சபைகள். ஆகவே இந்தப் பாடம் நமக்குத்தான். முதலாவது எனக்கு.

ஒரே வார்த்தை, ஏழு பேர்

"பாவஞ்செய்தேன்" என்று வாய் திறந்து சொன்னவர்கள் வேதத்தில் அநேகர் உண்டு. அவர்களில் ஏழு பேரை மட்டும் பார்ப்போம்.

பார்வோன் சொன்னான் (யாத். 9:27). கல்மழை அடித்தபோது சொன்னான், மழை நின்றவுடன் மறுபடியும் இருதயத்தைக் கடினப்படுத்தினான். பிலேயாம் சொன்னான் (எண். 22:34). தூதனுடைய கையிலிருந்த பட்டயத்தைப் பார்த்துச் சொன்னான், ஆனால் அவன் கண் பாலாக்கின் வெகுமதியைவிட்டு நகரவில்லை. ஆகான் சொன்னான் (யோசுவா 7:20). அவன் பேர் விழுந்த பிறகுதான் சொன்னான். சவுல் சொன்னான் (1 சாமு. 15:24). ராஜ்யபாரம் கைவிட்டுப் போகிறதே என்ற பயத்தில் சொன்னான். யூதாஸ் சொன்னான் (மத். 27:4). அவன் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான், ஆனால் இயேசுவினிடத்திற்குத் திரும்பி வரவில்லை.

தாவீதும் சொன்னான் (2 சாமு. 12:13). கெட்ட குமாரனும் சொன்னான் (லூக். 15:21).

வார்த்தை ஒன்றுதான். ஆனால் ஐந்து பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் ஒரு பக்கம். இவர்களைப் பிரித்த கோடு எது? கண்ணீரா? சவுலும் பிற்காலத்தில் தாவீதுக்கு முன்பாகச் சத்தமிட்டு அழுதவன்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததா? யூதாஸ் கொடுத்தானே!

மனந்திரும்புதலுக்குப் புதிய ஏற்பாட்டில் வருகிற கிரேக்க வார்த்தை 'மெத்தானோயா'. சிந்தை மாறுதல் என்று அர்த்தம். பழைய ஏற்பாட்டில் எபிரெய வார்த்தை 'ஷூப்'. திரும்பி வருதல் என்று அர்த்தம். தப்பான ரோட்டில் போகிறவன் நின்று அழுவது 'ஷூப்' ஆகாது. "ஐயோ, தப்பா வந்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டே அதே ரோட்டில் நடந்தால் அதுவும் ஆகாது. திரும்ப வேண்டும். யாரை விட்டுப் போனோமோ, அவரிடத்திற்குத் திரும்ப வேண்டும். அவருக்கு முன்பாக, உள்ளது உள்ளபடி நிற்க வேண்டும்.

சவுலும் தாவீதும்

பாவத்தின் அளவைப் பார்த்தால் தாவீதுக்குத்தான் பெரிய தண்டனை வந்திருக்க வேண்டும் என்று மனுஷர் நாம் சொல்லுவோம். சவுல் செய்தது என்ன? அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளையும், அவர்கள் ராஜாவையும் தப்பவிட்டான். தாவீது செய்தது விபசாரமும் கொலையும்! இருந்தும் சவுல் தள்ளப்பட்டான், தாவீது மன்னிக்கப்பட்டான். ஏன்?

1 சாமுவேல் 15-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். சாமுவேல் வந்தவுடன் சவுல், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்கிறான். ஆடுகளின் சத்தம் கேட்கிறதே என்றால், ஜனங்கள்மேல் பழி. அதுவும் பலியிடத்தானே என்று பக்தியான ஒரு காரணம். கடைசியாகப் பாவத்தை ஒத்துக்கொள்ளுகிறான். ஆனால் அதே மூச்சில் என்ன கேட்கிறான்? மூப்பர்களுக்கு முன்பாகத் தன் கனத்தைக் காப்பாற்றித் தர வேண்டும் என்று கேட்கிறான் (15:30). பாவம் போக வேண்டும் என்பதைவிட, பேர் போய்விடக்கூடாது என்பதே அவனுடைய கவலை.

தாவீதைப் பாருங்கள். நாத்தான் விரல் நீட்டினவுடன் ஒரே வரியில் ஒத்துக்கொள்ளுகிறான். பத்சேபாள்மேல் பழி இல்லை. "ராஜாவுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சாக்குப்போக்கு இல்லை. அதோடு நிற்கவில்லை. 51-ம் சங்கீதத்தின் தலைப்பைக் கவனித்திருக்கிறீர்களா? அது இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்ட சங்கீதம். எந்தச் சம்பவத்தைக் குறித்தது என்பதும் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. அதாவது ராஜா தன்னுடைய அவமானத்தைப் பாட்டாக எழுதி, பாடகர் குழுவின் கையில் கொடுத்துவிட்டான். சவுல் மூப்பர் முன் மறைக்கப் பார்த்ததை, தாவீது சபை நடுவே திறந்துவைத்தான்.

அந்தச் சங்கீதத்தின் 6-ம் வசனம்தான் இன்றைய நம் பாடத்தின் மையம். தேவன் விரும்புவது உள்ளத்தில் உண்மை. உதட்டில் உண்மை மட்டும் அல்ல, கணக்குப் புத்தகத்தில் உண்மை மட்டும் அல்ல. உள்ளத்தில்!

இதை எழுதும்போது என் சொந்த ஜீவியத்தில் நடந்ததை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனசாட்சி இடங்கொடுக்கவில்லை. ஆகவே சாட்சியாக எழுதுகிறேன்.

பதினாறு வண்டி மணல்

1987-ம் வருஷம். நான் ஊழியத்திற்கு வருவதற்கு முந்தின காலம். மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரில், ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கு தெரிந்தவன் என்பதால் சபையில் என்னைப் பொருளாளராக வைத்திருந்தார்கள். அந்த வருஷம் ஓலைக் கொட்டகையை எடுத்துவிட்டு ஜெபவீடு கட்ட ஆரம்பித்தோம். பெரிய பணக்காரர்கள் யாரும் இல்லாத சபை. ஒரு விதவைத் தாயார் இருந்தார்கள். காலையில் கீரைக்கட்டுகளைக் கூடையில் வைத்து வீடு வீடாக விற்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கட்டட நிதிக்கு 2 ரூபாய் கொண்டுவந்து, என் கையில்தான் கொடுப்பார்கள். "எழுதிக்கோங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அந்தச் சமயத்தில் என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. கையில் பணம் இல்லை. முதலாளியிடம் ஏற்கனவே முன்பணம் வாங்கியிருந்தேன். கட்டட நிதி என் பெட்டியில் இருந்தது. "அடுத்த மாசம் வைத்துவிடலாம்" என்று சொல்லி 640 ரூபாய் எடுத்தேன். அடுத்த மாசம் வைக்க முடியவில்லை. கணக்கு காட்ட வேண்டிய நாள் வந்தது. ஆற்று மணல் மாட்டு வண்டியில் 14 வண்டி வந்திருந்தது. வண்டிக்கு 40 ரூபாய். நான் 30 வண்டி என்று வவுச்சர் எழுதி, வண்டிக்காரர் பேரில் ஒரு கைநாட்டையும் நானே வைத்தேன். பதினாறு வண்டி மணல் வராமலே கணக்கில் வந்துவிட்டது. கமிட்டியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

பிரியமானவர்களே, அதற்குப் பிறகு நான்கு வருஷம் நான் பின்மாற்றக்காரனாக இருந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லோரையும்விட அதிகமாய் அழுதது நான்தான். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தேன். வீட்டுக் கூட்டங்களில் பிரசங்கம் பண்ணினேன். ஜெபிக்கும்போதெல்லாம் "ஆண்டவரே, என் எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்று கதறுவேன். 'எல்லாப் பாவங்களும்' என்ற பெரிய போர்வைக்குள்ளே அந்த ஒரு பாவத்தை ஒளித்துவைத்திருந்தேன். பேர் சொல்லி ஒருநாளும் ஜெபித்ததில்லை.

மனசாட்சி குத்தாமல் இல்லை. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். மாதம் 20 ரூபாய் தசமபாகத்திற்கு மேலாக யாருக்கும் தெரியாமல் காணிக்கைப் பெட்டியில் போட ஆரம்பித்தேன். நாற்பது மாதத்தில் 800 ரூபாய் ஆகிவிட்டது. எடுத்ததற்கு மேலேயே கொடுத்தாயிற்று. கணக்கு தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சமாதானம் மட்டும் வரவில்லை. சங்கீதம் 32:3, 4 வசனங்களில் தாவீது சொல்லுகிற அந்த எலும்பு உலரும் அனுபவம் என்னவென்று எனக்குத் தெரியும்.

1991-ல் ஒரு ஞாயிறு. ஞாயிறு பள்ளியில் ஆகானைக் குறித்துப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆகான் மறைத்துவைத்த பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் பொன், அதனால் ஆயி பட்டணத்துப் போரில் ஏறக்குறைய 36 பேர் செத்தது, எல்லாம் நன்றாகவே விளக்கினேன். அப்போது பத்து வயசுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான். "அண்ணே, முதல்ல கோத்திரம், அப்புறம் வம்சம், அப்புறம் வீடுன்னு கிட்ட வந்துக்கிட்டே இருக்குதே. அதுவரைக்கும் ஆகான் ஏன் ஒண்ணுமே சொல்லலை? என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆகான் என்ன பண்ணிக்கொண்டிருந்தான் என்பது அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் எல்லோரோடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். தன்னைப் பரிசுத்தம்பண்ணிக்கொள்ளும்படி சொன்னபோது அவனும் தன்னைச் சுத்தம்பண்ணிக்கொண்டிருப்பான். என்மட்டும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதைத்தான் நானும் நான்கு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன்.

அன்று இரவு முதலில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏங்க, அந்தப் பணத்துலதான் நம்ம பிள்ளை பொறந்தானா?" என்றாள். அந்தக் கேள்வி என்னை உடைத்தது. மறுநாள் காலையில் எங்கள் பாஸ்டர் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூடுதலாகப் போட்ட 800 ரூபாயையும் சேர்த்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு கேட்டார்:

"அப்போ கடன் தீர்ந்துபோச்சா, தம்பி?"

"இல்லைங்கய்யா."

"ஏன்? பணம் கூடவே கொடுத்திருக்கீங்களே?"

"அந்த வவுச்சர் அப்படியேதான் இருக்குதுங்கய்யா."

"அதுதான் தம்பி. நீங்க பணத்தைத் திருப்பிட்டீங்க. நீங்க இன்னும் திரும்பலை. காணிக்கை கர்த்தருக்குப் போட்டது, அதைக் கடனுக்குக் கழிக்காதீங்க. கமிட்டிக்கு முன்னால அந்த வவுச்சரை எடுத்து வச்சு, இது பொய்யின்னு சொல்லுங்க. அப்புறம் பணத்தைக் கட்டுங்க."

எண்ணாகமம் 5:7-ஐ எடுத்து வாசித்துக் காண்பித்தார். அறிக்கையிடுதல் முதலில், முதலைத் திருப்பிக் கொடுத்தல் அடுத்தது, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தல். 640-க்கு ஐந்தில் ஒரு பங்கு 128. மொத்தம் 768 ரூபாய். எட்டு மாதத்தில் கட்டி முடித்தேன்.

எனக்குக் கிடைத்த பாடங்கள்

கமிட்டியில் சொன்ன அன்று எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. பொருளாளர் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் பிரசங்கமும் இல்லை, ஞாயிறு பள்ளியும் இல்லை. அது நியாயமே. ஒரு மூத்த சகோதரர் இரண்டு வருஷம் எனக்கு ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. "நானே முன்வந்து சொல்லியும் இவருக்கு மனசு இளகலையே" என்று எனக்குள்ளே கோபம் வந்தது. அப்போது ஆவியானவர் உணர்த்தினார்: பேர் கெட்டுவிட்டதே என்ற சவுலின் கவலை இன்னும் உனக்குள் இருக்கிறது. மன்னிப்பை நாம் கேட்கலாம், பிடுங்கிக்கொள்ள முடியாது. தாவீதுக்கும் மன்னிப்பு கிடைத்தது, ஆனால் விளைவுகள் அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை.

அந்தக் கீரை விற்கிற தாயாரையும் தேடிப்போனேன். "அம்மா, உங்க காசையும் சேர்த்துத்தான் எடுத்தேன்" என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நான் கர்த்தருக்குத்தானே தம்பி கொடுத்தேன். அவர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?" என்றார்கள். "சொல்லிட்டேம்மா" என்றேன். கூடையைத் தூக்கப்போனவர்கள் திரும்பி, "ஆனா ஒண்ணு. இனிமே கணக்கை எழுதி மட்டும் வைக்காதீங்க. எங்களைப்போல படிக்கத் தெரியாதவங்களுக்கும் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார்கள். அதைப் பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அந்தச் சபையில் மாதக் கடைசி ஞாயிறு வரவு செலவை சத்தமாக வாசிக்கிறார்கள். பிறகு ஆண்டவர் என்னை ஊழியத்தில் நிறுத்தின இடத்திலும் அப்படியே செய்து வருகிறேன். மனந்திரும்புதலுக்கேற்ற கனி என்று யோவான்ஸ்நானன் சொன்னது இதுதான் என்று அந்தத் தாயார் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

லூக்கா 3:10-14-ல் ஜனங்கள் யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று விசாரிக்கிறார்கள். அவன் இன்னும் அழுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு என்றான். ஆயக்காரன் வரியைக் கூட்டி வாங்காமலிருக்கவும், போர்ச்சேவகன் மிரட்டிப் பறிக்காமல் தன் சம்பளம் போதுமென்று இருக்கவும் சொன்னான். அவனவன் தொழிலில், அவனவன் பாவம் செய்த இடத்தில்தான் கனி காணப்பட வேண்டும். சகேயுவும் அப்படித்தான். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் ஆட்டைத் திருடி விற்றவன்தான் நாலு மடங்கு கொடுக்க வேண்டும் (யாத். 22:1). சகேயு தன்னைத் தானே அந்தத் திருடனின் இடத்தில் நிறுத்திக்கொண்டான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. இயேசு அவன் வீட்டுக்குள்ளே வந்துவிட்டார், அதுதான் காரணம்.

இதை நன்றாகக் கவனியுங்கள். நாலு மடங்கு கொடுத்ததினால் சகேயு இரட்சிக்கப்படவில்லை. கிருபை அவனைத் தேடி அத்திமரத்தடிக்கு வந்தது. கிருபை வந்த இடத்தில் கை திறந்தது. நம்முடைய திருப்பிக் கொடுத்தல் பாவத்திற்குப் பரிகாரம் அல்ல. கல்வாரி இரத்தம் ஒன்றே பரிகாரம். ஆனால் இரத்தத்தினால் கழுவப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டு, பொய் வவுச்சரைப் பெட்டியில் பூட்டிவைக்க முடியாது.

எழுப்புதல் எங்கே துவங்குகிறது?

நாம் எழுப்புதல் வேண்டும், எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். சரித்திரத்தைப் பாருங்கள்.

1904-ல் வேல்ஸ் தேசத்தில் எழுப்புதல் பற்றியெரிந்தபோது தேவன் பயன்படுத்தின இவான் ராபர்ட்ஸ், முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த 26 வயது வாலிபன். அவர் வலியுறுத்தின நான்கு காரியங்களில் முதலாவது, தெரிந்த பாவம் எதையும் அறிக்கையிடாமல் வைத்திருக்கக்கூடாது என்பதே. அந்த நாட்களில் பழைய கடன்கள் தேடிப்போய் அடைக்கப்பட்டன. சுரங்கத் தொழிலாளிகள் கெட்ட வார்த்தை பேசுவதை விட்டுவிட்டதால், வசவு கேட்டே பழகிப்போன சுரங்கக் குதிரைகளுக்கு அவர்கள் சொல்வது புரியாமல் போயிற்று என்று சொல்லுவார்கள்.

1907 ஜனவரியில், இன்றைய வட கொரியாவின் தலைநகராகிய பியோங்யாங்கில் வேதபாட வகுப்புக் கூட்டங்கள் நடந்தன. கூட்டத்தில் ஏதோ ஒரு தடை. அப்போது கில் சன்-ஜூ என்ற மூப்பர் எழுந்து, தன்னை ஆகான் என்றே சொல்லிக்கொண்டார். மரணப்படுக்கையிலிருந்த நண்பர் ஒருவர் தன் சொத்துக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்த விதவையின் பணத்தில் 100 டாலரைத் தானே வைத்துக்கொண்டதாக அறிக்கையிட்டு, மறுநாளே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். கனடா தேசத்து மிஷனெரி ஜோனத்தான் கோஃபோர்த் இதை எழுதிவைத்திருக்கிறார். அதன்பின் தடை உடைந்தது. மக்கள் ஊரெல்லாம் வீடு வீடாகப் போய்த் திருடினதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு சீன வியாபாரியின் கடைக்குள் ஒரு கிறிஸ்தவர் நுழைந்து, பல வருஷங்களுக்கு முன் ஏமாற்றி வாங்கின பெருந்தொகையைத் திருப்பி வைத்தபோது அந்த வியாபாரி திகைத்துப்போனாராம். அதே வருஷம் அபிஷேகம்பண்ணப்பட்ட முதல் ஏழு கொரிய பிரஸ்பிட்டேரியன் போதகர்களில் இந்தக் கில் சன்-ஜூவும் ஒருவர்.

நம்முடைய திருநெல்வேலிச் சீமையிலும் 1860-ல் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் அவர்களுடைய நாட்களில் ஆவியானவர் ஊற்றப்பட்டபோது, ஜனங்கள் தங்கள் பாவங்களை உணர்ந்து கதறி அறிக்கையிட்டார்கள்.

பார்த்தீர்களா? மூன்று தேசம், வெவ்வேறு காலம், ஆனால் ஒரே வழி. சத்தம் பெரிதானதினால் எழுப்புதல் வரவில்லை. ஒளித்துவைத்தவை வெளியே வந்தன, வானம் திறந்தது.

அறிக்கையிடுவதில் ஞானம் வேண்டும்

இங்கே ஒரு எச்சரிப்பும் தேவை. எல்லாப் பாவத்தையும் மேடையில் ஏறிச் சொல்ல வேண்டும் என்று வேதம் கற்பிக்கவில்லை. பாவம் எவ்வளவு தூரம் போயிற்றோ, அறிக்கையும் அவ்வளவு தூரம் போக வேண்டும். தேவனுக்கும் உனக்கும் நடுவில் மட்டும் இருந்த நினைவின் பாவமா? அவரிடம் பேர் சொல்லிச் சொல். ஒரு ஆளுக்கு விரோதமாகச் செய்ததா? அந்த ஆளிடம் போ. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்று ஆண்டவர் மத்தேயு 5:23, 24-ல் சொன்னது இதற்காகத்தான். சபையின் சொத்தைத் தொட்டதா? சபைக்குச் சொல். உன் அறிக்கையில் இன்னொருவருடைய பேரை இழுத்து அவமானப்படுத்தாதே. ஒரு குழந்தைக்கோ, பெண்ணுக்கோ செய்யப்பட்ட கொடுமையாயிருந்தால், சபைக்குள் ஜெபித்து மூடிவிடுவது மனந்திரும்புதல் அல்ல. பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் கிடைக்க, சட்டத்திற்கு முன்பாகவும் உண்மை சொல்ல வேண்டும்.

இப்போது அமைதியாக உட்கார்ந்து இந்தக் கேள்விகளை உங்களையே கேட்டுப்பாருங்கள்:

1. பேர் சொல்லி ஜெபிக்க நான் பயப்படுகிற ஒரு பாவம் உண்டா?

2. "எல்லாப் பாவங்களையும்" என்ற வார்த்தைக்குள் எதையாவது ஒளித்திருக்கிறேனா?

3. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், சீதனமாகப் பிடுங்கின நகை, கூடப்பிறந்தவர்களுக்குச் சேரவேண்டிய பங்கு என் கையில் இருக்கிறதா?

4. யாருக்கும் தெரியாமல் நல்லது செய்து, ஒரு பழைய கெட்டதை ஈடுகட்டப் பார்க்கிறேனா?

5. என் வீட்டார் என்னை அறிந்திருப்பதும், சபையார் என்னை அறிந்திருப்பதும் ஒரே ஆளைத்தானா?

ஐந்தாவது கேள்வி மிகவும் முக்கியம். இயேசு மாயக்காரர் என்று கடிந்துகொண்ட இடங்களில் வருகிற கிரேக்க வார்த்தைக்கு நாடக நடிகன் என்ற அர்த்தம் உண்டு. உத்தமம் என்று வேதம் சொல்வதின் எபிரெய வார்த்தையோ முழுமையைக் குறிக்கிறது. உத்தமன் என்றால் ஒருநாளும் விழாதவன் அல்ல, தாவீது விழுந்தவன்தானே! உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ஆளாய் இல்லாமல், விழுந்தாலும் எழுந்தாலும் ஒரே ஆளாய் தேவனுக்கு முன் நிற்கிறவனே உத்தமன்.

அன்பான தேவபிள்ளையே, உன் பெட்டியிலும் ஒரு வவுச்சர் இருக்கலாம். சீட்டு உன் வீட்டு வாசல்வரை வரட்டும் என்று காத்திராதே. கோத்திரம் பேர் விழும்போதே எழுந்து வா. ஆண்டவர் உன்னை வெட்கப்படுத்த அல்ல, விடுவிக்கவே கூப்பிடுகிறார். நான் நான்கு வருஷம் தாமதித்தேன். அந்த நான்கு வருஷத்தின் சமாதானத்தை இழந்துபோனேன். நீ ஒரு நாளும் தாமதிக்காதே.

ஜெபிப்போம்:

பரிசுத்தமுள்ள பிதாவே, என் வாயின் கண்ணீரான வார்த்தைகளுக்குப் பின்னால் நான் மறைத்துவைத்ததை நீர் அறிந்திருக்கிறீர். இன்று அதைப் பேர் சொல்லி உம்மிடம் ஒப்புக்கொள்ளுகிறேன். யாரிடம் நான் போக வேண்டுமோ அவர்களிடம் போக எனக்குப் பெலன் தாரும். என் பேரை அல்ல, உம்முடைய நாமத்தையே நான் காக்க உதவிசெய்யும். உம் குமாரனுடைய இரத்தம் என்னைச் சுத்திகரிக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறேன் பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் அன்பின் சகோதரன்